குறி வெச்சா பலூன் உடையணும்!

கார்த்திகை தீபக் கூட்டத்தோட, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி திருவண்ணாமலைக்கு நடக்கறீங்களா? வழியில பலூன் சுடுற கடை கண்ணுல பட்டா நில்லுங்க பாஸ்!

அங்கே இருக்கிற ஏர்கன்ல எதை எடுக்கறது? பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க. குழலை மடக்கினா உள்ளே ஸ்பிரிங் இறுகும். 4.5 மி.மீ. ஈயக்குண்டைப் போட்டு நிமிர்த்துங்க. ஒரே பலூனுக்கு மூணு தடவை குறி வைங்க. மூணும் ஒரே பக்கமா விலகினா அது நல்ல துப்பாக்கி. அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக் குறி வெச்சா, பலூன் டமால்! திசைக்கு ஒண்ணா சிதறினா, "வேற குடுங்கண்ணே"னு மாத்திக்கோங்க.

விலை உசந்த மேகஸின் பெயின்ட்பால் துப்பாக்கிக்கும் இதே டெஸ்ட்தான். ஹாப்பர் ரகத்துல 200 குண்டு வரை கொட்டிக்கலாம். மேகஸின்ல சுமார் 20தான். அள்ளித் தெளிக்க முடியாது, குறி முக்கியம்!

இன்னொண்ணு... எதிர்ல ஆள் வந்தா ட்ரிகர்ல இருந்து விரலை எடுத்துடுங்க. போனா பலூன் வாங்கலாம், கண்ணை வாங்க முடியாது!