விலகலா, பிதுக்கமா?

தொழிற்சாலைகளும் பெரிய மருத்துவமனைகளும் அருகருகே நிற்கும் பொம்மசந்திராவில், குனிந்து பாரம் தூக்கிய தொழிலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்வது பெரும்பாலும் இதுதான்: "டிஸ்க் விலகிப்போச்சு." ஓசூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் தமிழரின் பேச்சில் இது நோயின் பெயராகவே நிலைத்துவிட்டது.

பெயர் ஒரு படத்தைத் தருகிறது. அடுக்கிய காசுகளில் ஒன்று நகர்ந்துவிட்டது. அதைத் தள்ளிச் சரிசெய்யலாம். எலும்பைத் தட்டி இழுப்பவரை நாடிச் செல்ல வைப்பது இந்தப் படமே.

உண்மையில் இடைத்தட்டு நழுவுவதில்லை. மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளோடு அது இறுகப் பிணைந்துள்ளது. அதன் கூழ் போன்ற உட்கரு வெளியே பிதுங்கி நரம்பு வேரை அழுத்துகிறது. இதை அறுவை வழியே விளக்கிய மிக்ஸ்டர், பார் ஆகியோரின் கட்டுரை 1934இல் வெளிவந்தது. வெளி வளையம் கிழிவதே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் மருத்துவர் ச. ராஜசேகரன் குழுவினர் 181 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது: ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரிடம், தட்டு எலும்போடு சேரும் இடமே பெயர்ந்திருந்தது.

அப்படியானால் முதுகு கோணுவது ஏன்? நரம்பு உறுத்தப்படும்போது தசைகள் இறுகுகின்றன. கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிறது. உடல் ஒரு பக்கம் சாய்கிறது. இது வலியைத் தவிர்க்க உடல் எடுக்கும் நிலை. வலி தணிந்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். காலப்போக்கில் தட்டின் உயரம் குறைந்து, பின்புறச் சிறுமூட்டுகளின் மேல் சுமை கூடுவது உண்டு. ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின் மேல் மெய்யாகவே நகர்வது ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ் என்னும் வேறு நிலை. பேச்சுவழக்கு இரண்டையும் 'விலகல்' என்றே அழைக்கிறது.

இந்தக் குழப்பத்தின் விலையைத் தொழிலாளி கொடுக்கிறார். எலும்பு நகர்ந்துவிட்டது என்று நம்புபவர் அசையவே அஞ்சி வாரக்கணக்கில் படுக்கிறார்; தசை தளர்கிறது, கூலி போகிறது. பெரும்பாலோருக்கு அறுவையின்றியே சில வாரங்களில் வலி குறைகிறது. பிதுங்கிய பகுதியை உடலே கரைத்துச் சுருக்குவதும் உண்டு. ஆனால் சிறுநீர் அடைப்பு, தொடையிடுக்கில் மரப்பு, காலில் வலுவிழப்பு ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கலைச்சொல் ஆக்குவோர் இதைக் கருத வேண்டும். 'விலகல்' என்றால் யாரேனும் தள்ளிப் பொருத்த வேண்டும். 'பிதுக்கம்' என்றால் அது வற்றவும் கூடும். மருத்துவர் அறையில் இரண்டாவது சொல் ஒலித்தால், நோயாளி கேட்கும் அடுத்த கேள்வியே மாறும்.