படத்தின் கீழே பெயர் போடுங்கள்



ரிட்டயர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது டீச்சர் என்று பலரும் கேட்கிறீர்கள். சனிக்கிழமைகளில் கிள்ளைப் பக்கம் இருளர் குடியிருப்பு ஒன்றுக்குப் போய்வருகிறேன். பிள்ளைகளுக்குக் கதை, படம் வரைதல், கொஞ்சம் வாசிப்பு. அவ்வளவுதான்.

முதல் நாள் வரையச் சொன்னபோது எல்லாரும் ஒரே படத்தைத்தான் வரைந்தார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓட்டு வீடு, தென்னை மரம். நீங்களும் என் வகுப்பில் அதைத்தானே வரைந்தீர்கள்! இத்தனைக்கும் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மலையே கிடையாது. பிச்சாவரத்து உப்பங்கழி பக்கத்திலேயே இருக்கிறது. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரம் இன்றும் அந்தக் காட்டில் நிற்கிறது. ஒரு பிள்ளையும் அதை வரையவில்லை.

அடுத்த வாரம் ஓர் ஆயாவைக் கதை சொல்ல அழைத்தோம். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையாலேயே தடவி இறால் பிடிப்பதைச் சொன்னார். அவருடைய பேத்தி மெதுவாக என்னிடம் வந்து, "இத வரையலாமா டீச்சர்?" என்று கேட்டாள். தன் வீட்டுப் பிழைப்பு படத்துக்குத் தகுதியானதுதானா என்ற சந்தேகம் ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது பாருங்கள்.

ஆஸ்திரேலியாவில் பாபுன்யா என்ற இடத்துக்கு 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் வந்தார். அங்கும் பழங்குடிப் பிள்ளைகள் சினிமாவில் பார்த்த கௌபாய்களை வரைந்துகொண்டிருந்தார்கள். உங்கள் பெரியவர்கள் மணலில் வரைவதை வரையுங்கள் என்று அவர் ஊக்கம் கொடுத்தார். பெரியவர்களே வந்து பள்ளிச் சுவரில் தங்கள் தேன் எறும்புக் கதையைத் தீட்டினார்கள். அந்தச் சுவருக்குப் பிற்பாடு வெள்ளையடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை. ஆனால் 1972இல் அந்த ஓவியர்கள் தங்களுக்கே சொந்தமான ஒரு நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்கள். அது இன்றும் நடக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம் போபாலில் இரவுக் காவலாளியாக வேலை பார்த்தவர். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சிற்றப்பா ஜன்கட் சிங் ஷியாம். பஜ்ஜு லண்டனுக்கு ஓர் உணவகத்தில் சுவரோவியம் தீட்டப் போனார். அங்கே சுரங்க ரயில் அவர் கண்ணுக்கு மண்புழுவாகத் தெரிந்தது. பிக் பென் கடிகாரம் சேவலாகத் தெரிந்தது. சென்னை தாரா பதிப்பகம் அவர் சொன்ன கதைகளைக் காது கொடுத்துக் கேட்டு, 2004இல் அவர் பெயரிலேயே புத்தகமாகக் கொண்டுவந்தது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இரண்டு இடத்திலும் யாரும் பாடம் நடத்தவில்லை. அவர்கள் கதையைக் கேட்டார்கள், இடம் கொடுத்தார்கள், படைப்பு அவர்களுடையதாகவே இருக்க விட்டார்கள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வருஷம் ஒரு குழுவினர் வந்து நம் பிள்ளைகளின் படங்களை ஆசையோடு வாங்கிப்போனார்கள். அழகான காலண்டராக அச்சாகி வந்தது. கொடுத்தவர்கள் பெயர் பெரிதாக இருந்தது. வரைந்த பிள்ளைகள் ஒருவர் பெயரும் இல்லை. அந்தப் பேத்தி பன்னிரண்டு தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். நோட்டு, பென்சில் போதுமான அளவு இருக்கிறது. கதை சொல்ல வரும் பெரியவருக்கு அன்றைய கூலி வேண்டும். நம்மோடு உட்கார்ந்தால் அவருக்கு அன்று இறால் இல்லை. கடலூரிலோ சிதம்பரத்திலோ கடை வைத்திருப்பவர்கள் ஒரு சுவர் தாருங்கள்; தீட்டுபவர்களுக்குக் கூலியும் தாருங்கள். அச்சகத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு சிறு கதைப் புத்தகம் போட உதவுங்கள். எதைச் செய்தாலும், கதை சொன்னவர் பெயரும் வரைந்தவர் பெயரும் அவர்கள் சம்மதத்தோடு முதலில் வரட்டும். நன்கொடை கொடுத்தவர் பெயர் கடைசியில் வந்தால் போதும்.

வர விரும்புகிறவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள். காலை ஒன்பது மணிக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்