உறுதியும் படமும்

யாழ்ப்பாணத்து வீடுகளிற் பழைய றங்குப்பெட்டி திறக்கப்படும்பொழுது முதலில் தேடப்படுவது காணி உறுதியே. அதனைக் குறைகூறுதல் தகாது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தைவிட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது, பலர் நகையோடு சேர்த்துக் காவிச் சென்றவையும் உறுதிகளே. எத்தனை பரப்பு, எல்லையில் எவர் காணி, கிணற்றில் எவருக்குப் பங்கு, எந்த மகளுக்குச் சீதனம் என்பனவெல்லாம் அவற்றில் உள.

எண்பதைக் கடந்த தாயொருவரின் வீட்டிற் பிள்ளைகளும் மருமக்களும் கூடிப் பெட்டியைப் பிரித்தனர். உறுதிகள் ஒருபுறம் அடுக்கப்பட்டன. மலாயாப் புகையிரதப் பகுதியில் வேலைபார்த்த பாட்டனாரின் கடிதங்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள், பெயரெழுதாத புகைப்படங்கள் ஆகியன எரிப்பதற்கென முற்றத்திற் குவிந்தன. மூத்தமகள் ஒரு படத்தை எடுத்துத் தாயிடம் நீட்டினாள்.

“இவ என்ர சின்னம்மா, பிள்ளை. இந்தக் காணியை எனக்கு எழுதித் தந்தவ இவதான்.”

உறுதியில் நன்கொடையாளர் என்ற ஒரு பெயராக மட்டுமிருந்தவருக்கு அக்கணமே முகம் வாய்த்தது. எவரும் சிறிதுநேரம் பேசவில்லை. பின்னர் முற்றத்துக் குவியல் மீண்டும் உள்ளே வந்தது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை எண்ணித் தமிழர் இன்றும் வருந்துகின்றனர். வீட்டு முற்றங்களில் எரியும் காகிதங்களுக்காக வருந்துவார் இலர். ஒரு சமூகத்தின் வரலாறு அவற்றிலும் அடங்கியுள்ளது. உறுதி தொலைந்தாற் காணிப் பதிவகத்திற் பிரதி கேட்கலாம். படத்திலிருப்பவர் யாரென்று கேட்பதற்கு அத்தாயையன்றி வேறிடமில்லை. அவர் அருகிலிருக்கும்போதே ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயரையும் உறவையும் எழுதிவைத்தல் பெட்டியைப் பிரிப்போரின் முதற் கடனாகும்.