கடைசி வல்கனின் இரண்டாவது ஆயுள்

லண்டனிலிருந்து வடக்கே போகும் எம்-1 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் பயணம் செய்தால் லட்டர்வொர்த் என்ற சின்ன ஊர் வரும். பைபிளை ஜனங்கள் பேசும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவர முனைந்து திருச்சபையின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்ட ஜான் விக்ளிஃப், 14ஆம் நூற்றாண்டில் பாதிரியாராக இருந்த ஊர் இது. ஃபிராங்க் விட்டில் 1938ல் தன் ஜெட் எஞ்சினைக் கொண்டுவந்து இரைச்சலும் புகையுமாகச் சோதித்ததும் இங்கேதான். பிரிட்டனின் முதல் ஜெட் விமானத்தின் மாதிரி ஒன்று ஊர் ரவுண்டானாவில் மேல்நோக்கிப் பாய்கிற பாவனையில் நிற்கிறது. விக்ளிஃபுக்கும் நினைவுச் சின்னம் உண்டு. ஆனால் வழி சொல்பவர்கள் விமானத்தைத்தான் அடையாளம் சொல்கிறார்கள்.

அங்கிருந்து கிராமச் சாலையில் சில மைல் போனால் புரன்டிங்தார்ப். வயல்களும் ஆட்டு மந்தைகளும் கொண்ட இந்த மேட்டு நிலத்தில் மூன்று கிலோமீட்டர் நீள ஓடுபாதை ஒன்று எதற்கு என்று புதிதாக வருபவர்களுக்குத் தோன்றும். இரண்டாம் உலகப் போரில் போட்ட தளம். சோவியத் பயம் உச்சத்தில் இருந்த 1950களில் அமெரிக்கர்கள் நீட்டினார்கள். ராணுவம் கைவிட்ட பிறகு 1983ல் உள்ளூர் வால்டன் குடும்பம் வாங்கியது. 1993 மார்ச் 23 அன்று இங்கே வந்து இறங்கிய விருந்தாளியால்தான் இந்த இடத்தின் பெயர் உலகெங்கும் விமானப் பித்தர்களுக்குத் தெரிந்தது.

அதன் பெயர் எக்ஸ்ஹெச்558. பிரிட்டிஷ் விமானப் படையில் பறந்துகொண்டிருந்த கடைசி வல்கன் குண்டுவீச்சு விமானம். வழியில் பழைய தளங்களின் மேலாக வட்டமிட்டு, வயிற்றுக் கதவுகளைத் திறந்து, உள்ளே எழுதியிருந்த 'ஃபேர்வெல்' என்ற ஒற்றை வார்த்தையைக் காட்டிவிட்டு வந்து இறங்கியது. பராமரிக்கக் காசில்லை என்று அரசு கைகழுவிய விமானத்தை உதிரிப் பாகங்களோடு வாங்கியது வால்டன் குடும்பம்.

வல்கனைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. வாலில் கிடைமட்ட இறக்கை கிடையாது. உடலும் சிறகும் ஒன்றாகி, 111 அடி அகல முக்கோணமாகப் பறக்கும் வௌவால். விசையை ஏற்றும்போது காற்று நுழையும் வாய்களிலிருந்து எழும் ஊளை வயிற்றைக் கலக்கும். நிறுத்தியிருக்கும் கார்களின் அலாரங்கள் தானாக அலறத் தொடங்கும். ஆனால் இது செல்லப்பிராணியாகப் பிறந்தது அல்ல. சோவியத் நகரங்களின் மேல் அணுகுண்டு போட்டு லட்சக்கணக்கானவர்களை ஒரே பகலில் சாம்பலாக்குவதுதான் இதன் வேலை. ஐந்து பேர் கொண்ட குழுவில் இரண்டு விமானிகளுக்கு மட்டும் வெளியேற்றும் இருக்கை. பின்னால் இருந்த மூவர் ஆபத்து வந்தால் தரைக் கதவு வழியாகக் குதிக்க வேண்டியதுதான். நல்லவேளையாக அந்த வேலை வரவேயில்லை. வல்கன் போரில் குண்டு போட்டது 1982ல் மட்டும், ஃபாக்லாந்துத் தீவுகளில். முதல் தாக்குதலில் அஸென்ஷன் தீவிலிருந்து போய்வர ஏறக்குறைய 16 மணி நேரம் ஆனது. 21 குண்டுகளில் ஓடுபாதையில் விழுந்தது ஒன்று. அதைச் செய்தது வேறொரு வல்கன், எக்ஸ்ஹெச்558 அல்ல.

இப்படிப்பட்ட எமனை மறுபடி பறக்கவிட ஒரு தேசமே உண்டியல் குலுக்கியது விநோதம்தான். கம்ப்யூட்டர் துறையிலிருந்து வந்த ராபர்ட் பிளெமிங் 1997ல் இதைத் தொடங்கியபோது பலர் சிரித்தார்கள். சிரித்ததற்குக் காரணம் இருந்தது.

பழைய விமானத்தைப் பறக்க வைப்பது அதிசயமல்ல. இந்திய விமானப் படையே தில்லி அருகே ஹிண்டனில் டைகர் மாத், ஹார்வர்ட், டகோட்டா ஆகியவற்றைப் பறக்கும் நிலையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ஆனால் அவை பிஸ்டன் எஞ்சின் கொண்டவை. நல்ல மெக்கானிக்கும் கைதேர்ந்த தச்சரும் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். நான்கு எஞ்சின் ஜெட் குண்டுவீச்சு விமானம் வேறு ஜாதி. அதைத் தயாரித்தவர்கள், அல்லது அவர்களின் வாரிசுகள், 'இது பத்திரமானது' என்று பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால்தான் பிரிட்டனின் சிவில் விமான ஆணையம் அனுமதிக்கும். வல்கனைக் கட்டிய ஆவ்ரோ கம்பெனி எப்போதோ கைமாறி பிஏஈ சிஸ்டம்ஸுக்குள் கரைந்துவிட்டது. எஞ்சின் செய்த பிரிஸ்டல் கம்பெனி ரோல்ஸ் ராய்ஸுக்குப் போனது. கேம்பிரிட்ஜின் மார்ஷல் ஏரோஸ்பேஸ் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றது. மூவரும் சம்மதிக்க வேண்டும்.

பணத்துக்கு முதலில் கைகொடுத்தது லாட்டரி. பிரிட்டனில் லாட்டரிச் சீட்டு வருமானத்தில் ஒரு பங்கு பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் போகிறது. முதல் விண்ணப்பத்தை நிராகரித்த நிதிக்குழு, 2004 ஜூனில் 27 லட்சம் பவுண்டு தர ஒப்புக்கொண்டது. 2005 ஆகஸ்டில் புரன்டிங்தார்ப் கொட்டகையில் வேலை ஆரம்பம். விமானத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். உலோகத்தின் உள்ளே விரிசல் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். துரு தின்ற பாகங்களைச் சீராக்கினார்கள். முடியாதவற்றுக்கு மாற்று தேடினார்கள். பாகம் கிடைத்தால் போதாது. அது எங்கே, எப்போது செய்யப்பட்டது, எத்தனை மணி நேரம் ஓடியது என்ற காகிதமும் வேண்டும். காகிதம் இல்லாத பாகம் புத்தம் புதிதாக இருந்தாலும் குப்பைதான்.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம் இருந்தது. செப்பனிட்டு, ஒரு மணி நேரம்கூட ஓடாமல், 1982லேயே உறையிட்டு மூடிய எட்டு ஒலிம்பஸ் எஞ்சின்கள் கிடைத்தன. இதே ஒலிம்பஸ் குடும்பத்தின் வாரிசுதான் கான்கார்டைப் பறக்க வைத்தது. எட்டு எஞ்சின் என்றால் தாராளம் என்று தோன்றும். ஆனால் இந்த எட்டுதான் மொத்த இருப்பு. தீர்ந்தால் வேறு கிடையாது. விசையை ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் எஞ்சினின் ஆயுளில் ஒரு துளி போகும். அதனால் தேவைக்கு மேல் விசையைத் தொடாமல் ஓட்ட வேண்டும். கஞ்சன் சில்லறை எண்ணுவதுபோல எண்ணித்தான் பறக்க முடியும்.

2006 ஆகஸ்டில் கஜானா காலி. ஊழியர்களுக்கு வேலைநீக்க நோட்டீஸ்கூடப் போய்விட்டது. பென்ஷன்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அனுப்பிய சின்னத் தொகைகளோடு, கெடு முடிகிற நேரத்தில் சர் ஜாக் ஹேவர்ட் என்ற கோடீஸ்வரர் 5 லட்சம் பவுண்டு கொடுத்தார். ஃபாக்லாந்தில் துருப்பிடித்துக் கிடந்த 'கிரேட் பிரிட்டன்' என்ற பழைய கப்பலை 1970ல் தாய்நாட்டுக்கு மீட்டுவரப் பணம் கொடுத்தவரும் இவரே.

2007 மே மாதம் ஆக்ராவில் இந்திய விமானப் படை, வல்கனின் சமகாலத்து பிரிட்டிஷ் விமானமான கான்பராவுக்கு, சுமார் ஐம்பது ஆண்டு சேவைக்குப் பின் விடைகொடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று புரன்டிங்தார்ப் ஓடுபாதையிலிருந்து எக்ஸ்ஹெச்558 கிளம்பியது. 14 ஆண்டுகளுக்குப் பின் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பறப்பு. அதுவரை ஆன செலவு சுமார் 70 லட்சம் பவுண்டு.

பறக்காத விமானங்களையும் புரன்டிங்தார்ப் சும்மா வைத்திருக்கவில்லை. திருவிழா நாட்களில் பழைய ஜெட்களை ஓடுபாதையில் வேகமாக ஓட்டிக் காட்டி, கிளம்பும் முன் நிறுத்திவிடுவார்கள். 2009 மே மாதம் விக்டர் என்ற மற்றொரு குண்டுவீச்சு விமானம் நிற்க மறந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தரையைவிட்டு எழும்பியே விட்டது. எப்படியோ புல்தரையில் பத்திரமாக இறங்கியது. கூட்டத்துக்குக் கொண்டாட்டம், விமானிக்குச் சில நொடி மரண பயம்.

வல்கன் 2011ல் யார்க்ஷயரில் டான்காஸ்டர் அருகேயுள்ள ஃபினிங்லிக்குக் குடிபெயர்ந்தது. அப்போது சிவில் நிலையம் என்றாலும், ஒருகாலத்தில் வல்கன்களின் பயிற்சித் தளம் அது. எக்ஸ்ஹெச்558 1960களில் வாழ்ந்த வீடு. வீடு திரும்பிய மறு ஆண்டே இடி விழுந்தது. 2012 மே 28 அன்று கிளம்ப ஓடத் தொடங்கியபோது இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நாசமாயின. காற்றுவாயில் எடுக்காமல் விட்டுப்போன சிலிக்கா ஜெல் பைகளை முதல் எஞ்சின் விழுங்கியது. அதன் சிதறல்கள் பக்கத்து எஞ்சினைக் கொன்றன. மாத்திரை டப்பாவில் இருக்குமே, ஈரம் உறிஞ்சும் அந்தப் பொட்டலத்தின் பெரிய வடிவம். துருவிலிருந்து காப்பாற்ற வைத்ததே எமனானது. எட்டில் இரண்டு போயிற்று.

சில வாரங்களில் வல்கன் மறுபடி பறந்தது. ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பவுண்டு செலவு. சிறகின் களைப்பைத் தள்ளிப்போட 2013-14 குளிர்காலத்தில் பெரிய அறுவைச் சிகிச்சை. முடிவு வந்தது பணத்தாலும் அல்ல, விபத்தாலும் அல்ல. 2015 சீசனுக்குப் பிறகு பொறுப்பேற்க முடியாது என்று கையெழுத்திடும் மூன்று கம்பெனிகளும் சொல்லிவிட்டன. வேறு எந்த வல்கனும் பறக்காத அளவு மணி நேரம் இது பறந்துவிட்டது. வயசான இந்த உலோகத்துக்கு அடுத்து என்ன வரும் என்று சொல்லக்கூடிய எஞ்சினியர்கள் ஓய்வுபெற்றுப் போய்க்கொண்டிருந்தார்கள். வரைபடங்கள் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் கண்கள்தான் குறைந்துவிட்டன. கறாரான முடிவு என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கானோர் தலைக்கு மேல் பறக்கும் ஒன்றுக்கு, தெரியாததைத் தெரியும் என்று கையெழுத்துப் போட மறுத்தது நேர்மைதான்.

அந்த அக்டோபரில் இரண்டு நாள் நாட்டைச் சுற்றி விடைபெற்றது வல்கன். வயல் வரப்புகளிலும் மொட்டைமாடிகளிலும் ஜனங்கள் காத்திருந்தார்கள். 28ஆம் தேதி ஃபினிங்லியிலிருந்து கடைசிப் பறப்பு.

பிளெமிங் 2021 பிப்ரவரியில் காலமானார். புரன்டிங்தார்ப் 2020லேயே கார் நிறுத்தும் கிடங்காகக் குத்தகைக்குப் போனதால் பழைய ஜெட்கள் வேறு இடம் தேட நேர்ந்தது. 2022 நவம்பரில் ஃபினிங்லி விமான நிலையமும் மூடப்பட்டது. பயணிகளும் விமானக் கம்பெனிகளும் போன பிறகும் வல்கன் வெட்டவெளியில், ஓடுபாதையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. 2024ல் டான்காஸ்டர் நகர மன்றம் நிலையத்தை மறுபடி திறக்க 125 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது.