ஹந்தானை ஓடையும் மெத எலவும்

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. கிணற்று நீரில் வளர்ந்த எனக்கு, ஏ9 வீதி முடிந்து கண்டிக்குள் நுழைந்ததும் எங்கு பார்த்தாலும் தண்ணீராகவே தெரிந்தது. மலைச்சரிவெல்லாம் கசிவு, வீதியோரமெல்லாம் ஓட்டம். பேராதனைத் தாவரவியற் பூங்காவை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு மகாவலி போகிறது. 335 கிலோமீற்றர் ஓடும் இந்த ஆறுதான் இலங்கையில் மிக நீளமானது. பாலத்தில் நின்று பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

அந்த ஆற்றில் சேரும் சிற்றோடைகள் எப்படி இருக்கின்றன என்று அறியத்தான் போயிருந்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும் தம்பி ஒருவர் ஹந்தானை மலைச்சரிவுக்குக் கூட்டிப்போனார். தெளிந்த நீர், கணுக்கால் வரை.

"அண்ணை, கல்லை மெல்லப் புரட்டுங்கோ. பார்த்திட்டு இருந்த மாதிரியே வைக்கோணும்."

கல்லின் அடிப்புறத்தில் விரல்நகம் அளவில் ஒரு தட்டைப் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் மூன்று வால். வயிற்றின் இருபுறமும் மெல்லிய செவுள்கள் இடைவிடாமல் படபடத்தன. இறகு முளைத்தபின் சொற்ப காலமே வாழும் மே ஈயின் இளம்பருவம் அது. பக்கத்திலேயே மணலைத் தன் பட்டுநூலால் ஒட்டிக் குழாய் கட்டி, அதற்குள் குடியிருந்தது கேடிஸ் ஈயின் புழு. உயிருள்ள ஒன்று மணி மணியாகப் பொறுக்கிக் கட்டிய வீட்டை அன்றுதான் கண்டேன்.

போத்தலில் பிடித்த நீர் அந்த நேரத்து நிலையை மட்டும் சொல்லும். இந்தப் பூச்சிகளோ வாரக்கணக்காக, மாதக்கணக்காக அங்கேயே வாழ்கின்றன. இடையில் ஒருநாள் நஞ்சு கலந்தாலும் ஒட்சிசன் குறைந்தாலும் இவை தாங்கா. அதனால்தான் பிரித்தானியாவில் 1970களின் பிற்பகுதியில் நீர்வாழ் சிற்றுயிர்ப் பிரிவுகளுக்கு 1 முதல் 10 வரை புள்ளியிடும் முறையை வகுத்தார்கள். மாசைத் தாங்காத தட்டை மே ஈக்கு 10. மாசிலும் வாழும் சேற்றுமண்புழுவுக்கு 1.

அடுத்து மெத எல. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைத்த கண்டி வாவியிலிருந்து புறப்பட்டு, நகரின் கடைகளும் வீடுகளும் விடும் கழிவைச் சுமந்து, கெட்டம்பேயில் மகாவலியோடு கலக்கும் ஓடை. சாம்பல் நிற நீர், நாற்றம். வலையில் அள்ளிய சேற்றை வெள்ளைத் தட்டில் கொட்டியதும் செம்புழுக்கள் நெளிந்தன. நம் குருதியைப் போல இவற்றையும் சிவப்பாக்குவது ஈமோகுளோபின். ஒட்சிசன் அருகிய சேற்றிலும் இவை உயிர்வாழ அதுவே துணை. மே ஈ ஒன்றுகூட அகப்படவில்லை.

அதற்கும் கீழே, கட்டுகஸ்தோட்டையில், இதே மகாவலியிலிருந்துதான் குடிநீர் எடுத்துச் சுத்திகரிக்கிறார்கள். மெத எலவின் நோய் கண்டி மக்களின் குடத்துக்கும் உரிய கவலை.

பேராதனை போகிறவர்கள் பூங்காவோடு திரும்பிவிடாதீர்கள். கெட்டம்பேயிலும் நின்று பாருங்கள். கழிவு விழுவதை நிறுத்தினால் ஓடை மீளும். மலையோடைகளில் மே ஈ இருக்கும்வரை, அது கீழே இறங்கிவந்து முட்டையிட வழி உண்டு. அந்த மலையோடைகளையாவது இன்றே காப்போம்.