ஒன்பதாம் வகுப்பும் ஒரு பழைய டைரியும்

ஆனைக்குட்டத்தில் என் வயதுக்காரர்கள் இன்னமும் "நாலாம் ஃபாரம்" என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்தால் முதல் ஃபாரம். மூன்று ஃபாரம் தாண்டி நாலாவதில் கால் வைத்தால்தான் ஹைஸ்கூல் மாணவன் என்ற மரியாதை. இன்றைய கணக்கில் அது ஒன்பதாம் வகுப்பு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்குக் கணக்கே தலைகீழ். 'சிசியேம்' என்னும் ஆறாவதில் ஆரம்பித்து ஐந்து, நாலு, மூன்று என்று இறங்கிக்கொண்டே போகும். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், "போன வருஷம் நாலாவதுன்னான், இப்போ மூணாவதுங்கிறான், பையன் பெயிலா?" என்று அப்பாவைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்.

ஏறினாலும் இறங்கினாலும் அந்த வகுப்பில் வயது என்னவோ 14தான். அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று போன ஜூனிலிருந்து பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்புக்கு சிவகாசி பஸ்ஸில் போய்வருகிறாள். அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறார்.

அவளிடம் ஒரு டைரி இருக்கிறது. போன வருடத்து டைரி. விற்காமல் தங்கியது, யாரோ சும்மா கொடுத்தது. எங்கள் பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் காலண்டர், டைரி, நோட்டு எல்லாம் வந்தன. (ஊருக்கெல்லாம் நோட்டு போடுகிற ஊர்ப் பிள்ளைகள் பலர் ஒரு காலத்தில் நோட்டைத் தொடாமலே தீப்பெட்டி ஒட்டினார்கள் என்பது வேறு கதை.) அந்த டைரியில் கிழமை தப்பாக இருக்கிறதென்று ஒவ்வொரு பக்கத்திலும் அதை அடித்துவிட்டுச் சரியான கிழமையை எழுதியிருக்கிறாள்.

ஒரு நாள் அவளாகவே கொண்டுவந்து நீட்டினாள். "படிங்க தாத்தா, ஆனா அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

முதல் சில பக்கங்கள் பஸ், வெயில், கணக்கு டீச்சர். பிறகு சிவகாசியில் நூலகத்துக்குப் போனது. உள்ளே போகக் காசு கேட்பார்களோ என்று இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறாள். இதைப் படித்ததும் எனக்குள் இருக்கும் பழைய குமாஸ்தா எழுந்துவிட்டான். வீட்டு வரி ரசீதை எடுத்துக் காட்டினேன். அதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும், வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் எஸ்.ஆர். ரங்கநாதன் என்ற மனிதரின் பல வருட உழைப்பு இருந்தது. "உங்க வீட்டுக் காசும் அதுல இருக்கு பாப்பா, தைரியமாப் போ" என்றேன்.

அடுத்த வாரம் அவள் எழுதியது எனக்குப் பிடித்த பக்கம். பாடப் புத்தகத்தில் கதை முடிந்த உடனே கேள்வி வந்துவிடுகிறது, நூலகப் புத்தகத்தில் கதை முடிந்தால் முடிந்ததுதான், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று எழுதியிருந்தாள். எங்கள் பள்ளியில் 'திக்தே' என்று ஒன்று உண்டு. ஆசிரியர் வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். பிரெஞ்சு என்றாலே வயிறு கலங்கும். அந்தப் பயத்தை எந்த இலக்கணமும் போக்கவில்லை. ரொமேன் ரோலன் நூலகத்தில், 1827இல் தொடங்கிய பழைய நூலகம் அது, யாரும் கேள்வி கேட்காமல் படித்த கதைகள்தான் போக்கின.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு எழுத்து மாறிவிட்டது. வகுப்பில் இரண்டு பெண்கள் வரவில்லை. ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருக்கிறாள், இன்னொருத்தி சித்தி மகளோடு நூல் மில்லுக்குப் போய்விட்டாளாம். "அட்டெண்டன்சுல அவங்க பேரை இன்னும் கூப்பிடுறாங்க" என்று மட்டும் எழுதி, மீதிப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

இதில் சட்டம் செய்திருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரை. அதுவரை யாரையும் வகுப்பில் நிறுத்தி வைப்பதும் இங்கே இல்லை. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, வெடிபொருள் வேலையில் 18 வயது வரை சேர்க்கக் கூடாது என்கிறது. நல்லதுதான். ஆக, பட்டாசு ஆலையின் கதவு 18 வரை பூட்டு. பள்ளிக்குள் பிள்ளையைப் பிடித்து வைக்கும் கை 14இல் விட்டுவிடுகிறது. நடுவில் நாலு வருடம். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 2022 முதல் மாதம் 1000 ரூபாய் தருகிறார்கள். ஆனால் அது பன்னிரண்டைத் தாண்டிய பிறகு. ஒன்பதில் தடுக்கி விழும் பிள்ளைக்கு அது வெகுதூரம்.

தை மாதம் அவள் அம்மா என்னிடம் வந்தார். "ஐயா, ஒம்போதாவதுல நல்ல மார்க் எடுத்தாத்தான் மேக்கொண்டு, இல்லைன்னா நிறுத்திரலாம்கிறாரு இவரு. இது என்னடான்னா கதைப் புஸ்தகமும் கையுமா உட்கார்ந்திருக்கு. நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் வேறு விதமாகச் சொன்னேன். "அதைப் பிடுங்கினா பாடப் புஸ்தகத்தையும் சேர்த்து மூடிரும்மா. இப்ப அது தானா படிக்குது, நீங்க உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை." அவர் நம்பினாரோ என்னவோ. சரம் பின்னிச் சிவந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "மே மாசம் பாப்போம் ஐயா" என்று போய்விட்டார்.

அந்தப் பெண்ணிடம் எங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். துய்ப்ளே துரைக்குத் துபாஷியாக இருந்தவர். 1736இலிருந்து 1761 வரை கப்பல் வந்தது, சண்டை நடந்தது, ஊர் வம்பு என்று தமிழில் எழுதி வைத்தார். "அவரு ஒம்போதாவது படிச்சிருந்தாரா தாத்தா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

இப்போது ஏப்ரல். டைரியில் டிசம்பர் எப்போதோ முடிந்துவிட்டது. கடைசியில் விலாசமும் போன் நம்பரும் குறிக்க விட்டிருக்கும் பக்கங்களில், கோடுகளுக்குள் பொடி எழுத்தாக எழுதிக்கொண்டிருக்கிறாள். அதுவும் 'ர' வரிசைக்கு வந்துவிட்டது. அடுத்த முறை சிவகாசி போகும்போது ஒரு டைரி வாங்கி வர வேண்டும். இந்த மாதத்துக்கு மேல் போனால் பாதி விலைக்குத் தருவார்கள்.