இரவல் மூச்சு

அம்பத்தூர் ஒரகடத்தில் யாம் குடியிருக்கும் வீட்டில் கணினி ஒன்றும், ஒலிவாங்கி ஒன்றும், விசைப்பலகை ஒன்றும் வைத்துக்கொண்டு, ஓய்வு நேரங்களில் இசைப்பதிவு செய்து வருகின்றோம். அஃது எமக்குத் தொழிலன்று. விருப்பம் பற்றிய முயற்சியே. கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்ற நாளில் பாட்டுக் குழுவினருக்கு ஆர்மோனியம் வாசித்த பழக்கம் பிற்காலத்தே இவ்வுருக் கொண்டது எனலாம். அம்முயற்சியிடையே யாம் கற்ற பாடமொன்றை இம்மலரின் வாயிலாக நம் கல்லூரி அன்பர்கட்குக் கூற விழைகின்றோம். பாடம் சிறிதே, ஆயினும் அதனைக் கற்கும் பொருட்டுப் பெரியவர் ஒருவரின் வாசிப்பை இழக்கும் நிலைக்கு வந்துவிட்டோம்.

இக்காலத்து இசைப்பதிவு முறையை அறியாதார்க்கு முதற்கண் சிறிது விளக்கம் வேண்டும். முன்னாளில் ஒரு பாட்டைப் பதிவு செய்யவேண்டுமாயின், வாத்தியக்காரர் பலர் கோடம்பாக்கத்துப் பெருங்கூடங்களில் ஒருங்கே அமர்ந்து வாசிக்கவேண்டும். இன்றோ, இசைப்பதிவு மென்பொருள் ஒன்று இருப்பின் தனியொருவரே அவ்வேலையைச் செய்துவிடலாம். அம்மென்பொருள் ஒரு வீடு போன்றது. வீணை, வயலின், மிருதங்கம் முதலிய வாத்தியங்களின் ஒலியையும், எதிரொலி போன்ற அலங்காரங்களையும் தருவன, அவ்வீட்டினுள் வந்து குடியேறும் வேறு சிறு மென்பொருள்களாம். அவற்றைப் பிளகின் என்று வழங்குகின்றனர். வீட்டைக் கட்டியவர் ஒருவர். குடிவருவோரை அனுப்புகின்றவர் வேறொருவர். இவ்விரு திறத்தாரும் ஒத்து நடத்தற்கு ஓர் உடன்படிக்கை இன்றியமையாதது. ஜெர்மனி நாட்டு ஸ்டைன்பெர்க் நிறுவனத்தார் 1996இல் வெளியிட்ட வி.எஸ்.டி. என்பது அத்தகைய உடன்படிக்கைகளுள் பெரிதும் பரவியது. அதன் இரண்டாம் பதிப்பு 1999இலும், மூன்றாம் பதிப்பு 2008இலும் வெளிவந்தன. ஆப்பிள் நிறுவனத்தார் தம் கணினிகட்கு ஆடியோ யூனிட் என வேறோர் உடன்படிக்கையை வகுத்துக்கொண்டனர்.

இவற்றினும் பழைமையானது மிடி என்பது. 1983இல் வகுக்கப்பட்ட இம்முறையில் ஒலி பதிவாவதில்லை. எந்தக் கட்டையை எப்பொழுது எவ்வளவு விசையுடன் அழுத்தினர், எப்பொழுது விடுத்தனர், சுரத்தை வளைக்கும் சக்கரத்தை எவ்வளவு திருப்பினர் என்னும் செய்திகளே பதிவாகும். சுருங்கச் சொல்லின், விரலின் செயல் மிடியில் இருக்கும். ஓசை பிளகினில் இருக்கும். இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்வாராக.

நிற்க. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் லேத்து இயந்திரத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எமக்கு அறிமுகமாயினார். அவர் நாயனக் குடும்பத்திற் பிறந்தவர். இளமையில் தந்தையாரிடம் நாயனம் பயின்று, பின்னர்க் குடும்பத்தின் பொருட்டு ஆலைவேலைக்கு வந்தவர். முதுமையில் மூச்சுநோய் அவரைப் பற்றிக்கொண்டது. நாயனத்தை உறையிலிட்டுப் பரண்மேல் வைத்துவிட்டார். 2014ஆம் ஆண்டு ஒரு ஞாயிறு மாலை, ஆவடியிலிருந்து மின்சார ரயிலேறி அம்பத்தூரில் இறங்கி எம் வீட்டிற்கு வந்தார். விசைப்பலகையைச் சிறிது நேரம் உற்று நோக்கிவிட்டு, “தம்பி, ஊதத்தான் மூச்சு இல்லை, விரல் இன்னும் இருக்கிறது. இந்தப் பெட்டிக்குள் நாயனம் உண்டா?” என்று வினவினார்.

உண்டு என்றோம். நாயனத்தின் ஒலியைச் சுரம் சுரமாகப் பதிந்து செய்யப்பெற்ற பிளகின் ஒன்று எம்மிடம் இருந்தது. வலக்கை கட்டைமேலும் இடக்கை வளைவுச் சக்கரத்தின்மேலுமாக ஏறக்குறைய மூன்று திங்கள் பழகினார். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் (1898–1956) புகழ்பெறச் செய்த தோடி இராகத்திலே அவருக்கு அளவிறந்த பற்று. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைந்துகொண்டே இருப்பது. அவ்வசைவின்றேல் தோடி இல்லை. கட்டையில் இல்லாத அவ்வசைவைச் சக்கரத்தினால் வருவித்தார். ஒருநாள் பதினேழு நிமிடம் இடையறாது ஆலாபனை செய்தார். யாம் வாயடைத்து இருந்தோம். அவரோ, “இன்னும் ஒரு முறை வாசித்துப் பார்க்கலாம், தம்பி, பிறகு முடித்துக்கொள்ளலாம்” என்றார். ஆதலின் அதனை ஒலிக்கோப்பாக மாற்றாமல் அவ்வாறே விட்டு வைத்தோம். அந்த இன்னொரு முறை வரவேயில்லை. 2021இல் அவர் காலமானார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தொழிற்பேட்டையினுள்ளும் சுற்றுப்புறத் தெருக்களினுள்ளும் வெள்ளம் புகுந்தபொழுது, கீழறையிலிருந்த எம் பழைய கணினி நீரில் மூழ்கி ஒழிந்தது. பதிவுகளின் படிகள் இருந்த வட்டு மாடியில் இருந்தமையால் தப்பியது. புதிய கணினி ஒன்று வாங்கினோம். சில மாதங்கள் கழிந்தபின், பெரியவரின் மகளார் எம் வீட்டிற்கு வந்து, “தம்பி, அப்பா வாசித்த அந்தத் தோடி உங்களிடம் இருக்கிறதல்லவா? மூன்றாம் வருஷ நினைவு நாளில் வீட்டில் எல்லாரும் கேட்கவேண்டும் என்று ஆசை” என்றார். இரண்டு நாளில் தருவதாக வாக்களித்தோம்.

அன்றிரவே கோப்பைத் திறந்தோம். திறந்தது. பெரியவரின் விரல்கள் இட்ட சுரங்கள் அனைத்தும் சிறு கோடுகளாகத் திரையில் வரிசையாய் நின்றன. ஆயினும் ஓசை எழவில்லை. பிளகின் காணப்படவில்லை என்னும் அறிவிப்பு மாத்திரமே வந்தது. அதனைப் புதிய கணினியில் மீண்டும் நிறுவினோம், பயனில்லை. எம் பிளகின் 32 பிட் முறையில் ஆக்கப்பட்டது. புதிய மென்பொருளோ 64 பிட் முறையது. ஒரு முறையில் ஆனது மற்றதன் உள்ளே நேராகக் குடியேற இயலாது. இடையே பாலமாக நிற்கும் வேறொரு மென்பொருள் வேண்டும். பாலத்தையும் தேடி அமைத்தோம். அப்பொழுது பிளகின் வாய்திறந்து உரிமச் சான்று கேட்டது. அச்சான்றை வழங்கவேண்டிய நிறுவனமோ தன் கடையைக் கட்டிவிட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. பணம் கொடுத்து வாங்கிய பொருளாயினும், கேட்பதற்கு ஆளில்லை.

வேறொரு நாயனப் பிளகினை வாங்கி, பழைய சுரங்களை அதன்பால் ஒப்படைத்தோம். கேட்டபொழுது எம் நெஞ்சம் துணுக்குற்றது. காந்தாரம் அசைவதற்கு மாறாக ஊளையிட்டது. காரணம் யாதெனின், வளைவுச் சக்கரத்தின் நிலையை மிடியானது 16,384 படிகளுள் ஒன்றாகக் குறிக்குமேயன்றி, அந்நிலைக்கு எத்தனை சுரத்தானம் வளையவேண்டும் என்பதைப் பிளகினே தீர்மானிக்கும். பழையது முழுத் திருப்பத்திற்கு இரண்டு அரைச்சுரம் வளைவது. புதியதோ பன்னிரண்டு வளைவது. ஆறு மடங்கு மிகைப்பட்ட கமகம் கமகமாகுமோ? அளவைத் திருத்திய பின்னர்ச் சுருதி ஒருவாறு சரியாயிற்று. ஆயினும் சீவாளியின் கடுமை இல்லை; சுரம் தொடங்கும் இடமெல்லாம் மழுங்கியிருந்தது. அது யாரோ ஒருவர் வாசித்த தோடியாக இருந்தது. பெரியவர் இருமுறை மூச்சிழந்தார் என்று எமக்குத் தோன்றிற்று. ஒருமுறை நோயினால், மறுமுறை எம் சோம்பலினால்.

இஃது எமக்கு மட்டும் நேர்ந்த இடையூறு அன்று. கியூபேஸ் என்னும் மென்பொருள் 2016இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலும், ஏபிள்டன் லைவ் 2018இல் வந்த பத்தாம் பதிப்பிலும் 32 பிட் பிளகின்களைக் கைவிட்டன. ஆப்பிள் கணினிகளில் 2019இல் வந்த கேட்டலீனா என்னும் இயங்குதளம் 32 பிட் மென்பொருள் அனைத்தையும் விலக்கியது. 2020இல் அந்நிறுவனத்தார் கணினியின் சில்லையே மாற்றினர். வி.எஸ்.டி. இரண்டாம் பதிப்பின்படி பிளகின் செய்யப் புதியவர்கட்கு உரிமம் வழங்குதல் 2018இல் நின்றது. மாற்றம் செய்தோரைக் குறைகூறல் எம் கருத்தன்று. 32 பிட் முறையில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தை ஒரு மென்பொருள் ஆளமுடியாது. பெரிய வாத்தியக் குழுவின் ஒலிகட்கு அஃது போதாது. மேலும், வீட்டினுள் குடியிருக்கும் ஒரு பிளகின் இடறி விழுந்தால் வீடே உடன் விழும். பதிவு செய்வோர் இதனைக் கிராஷ் என்று அஞ்சுவர். இதனைத் தவிர்க்கவே பிட்விக் போன்ற மென்பொருள்கள் பிளகின்களைத் தனியறையில் வைத்து நடத்துகின்றன. ஆகவே மாற்றங்கள் காரணமின்றி வருவன அல்ல. ஆயினும் மாற்றம் வருங்கால், பழையதில் வைத்த பொருளை யார் எடுத்து வைப்பது? அதனை வைத்தவரே எடுத்து வைத்தல் வேண்டும்; அக்கடமையிலேயே யாம் தவறினோம்.

வாக்களித்த இரண்டு நாள் பத்து நாளாயிற்று. மகளாரிடம் சென்று உண்மையைக் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர் உள்ளே சென்று பழைய குறிப்புப் புத்தகம் ஒன்றைக் கொணர்ந்தார். “அப்பா உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதை எடுத்து வருவார், தம்பி, உங்களுக்கு ஏதாவது உதவுமா பாருங்கள்” என்றார். யாம் அதனை மறந்தேவிட்டிருந்தோம். ஆலையில் ஒவ்வொரு வேலைக்கும் அளவு எழுதிப் பழகிய கை அது. போல்ட்டும் நட்டும் ஒரே பருமனாக இருப்பினும் மரையின் அளவு வேறாயின் பொருந்தா என்று அவர் அடிக்கடி கூறுவார். பழைய விட்வொர்த் மரைக்கும் பிற்காலத்து மெட்ரிக் மரைக்கும் இடையே பட்ட தொல்லையை நகைச்சுவையோடு விவரிப்பார். அப்புத்தகத்தில் பிளகினின் பெயர், பதிப்பு எண், சுருதி 2 கட்டை, வளைவு 2, எதிரொலியின் விகிதம் யாவும் நாள்வாரியாகத் தெளிந்த கையெழுத்தில் இருந்தன.

அப்புத்தகத்துடன் பூந்தமல்லியில் சிறு பதிவுக்கூடம் நடத்தும் நண்பர் ஒருவரை அடைந்தோம். அவரிடத்தே விண்டோஸ் 7 இயங்கும் பழைய கணினி ஒன்று, இணையத் தொடர்பின்றி ஒரு மூலையில் துணி போர்த்துக் கிடந்தது. அதே பிளகின், அதே பதிப்பு, பண்டே உரிமச் சான்று பெற்ற நிலையில் அதனுள் இருந்தது. சுரங்களை மிடிக்கோப்பாகக் கொண்டுசென்று, புத்தகத்திற் கண்ட அளவுகளை ஒவ்வொன்றாக வைத்தோம். முதல் முறை ஒன்பதாம் நிமிடத்தில் மென்பொருள் விழுந்தது. இரண்டாம் முறை பதினோராம் நிமிடத்தில் விழுந்தது. அதன்பின் ஆலாபனையை மூன்று கூறாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வேவ் கோப்பாக எடுத்து ஒட்டினோம். நள்ளிரவில் அக்காந்தாரம் அசைந்து எழுந்தபொழுது நண்பரும் யாமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமேயன்றிப் பேசவில்லை.

இரண்டாம் ஒட்டில் ஒரு சிறு இடைவெளி நின்றுவிட்டது. நினைவு நாளன்று அதனைக் கூறி மகளாரிடம் பொறுத்தருள வேண்டினோம். அவர், “அப்பா ஊதின காலத்தில் அந்த இடத்தில்தான் மூச்சு வாங்குவார், தம்பி, அப்படியே இருக்கட்டும்” என்றார்.

இதனால் யாம் கற்றவை சில. ஒரு வாசிப்பு முடிந்த அன்றே, முடியாவிடினும் அன்றே, அதனைச் சாதாரண ஒலிக்கோப்பாக ஒரு படி எடுத்து வைத்தல் வேண்டும். பதிவு செய்வோர் இதனைப் பவுன்ஸ் எடுத்தல் என்பர். சுரங்களை மிடிக்கோப்பாகத் தனியே வைத்தல் வேண்டும். பிளகின்களின் பெயரையும் பதிப்பையும் அளவுகளையும் தாளில் எழுதி வைத்தல் வேண்டும். ஒரு வேலை நடுவில் இருக்கும்பொழுது கணினியையோ மென்பொருளையோ புதுப்பித்தல் கூடாது. புதுப்பித்தே ஆகவேண்டுமாயின் பழையவற்றைத் திறந்து பார்த்த பின்னரே பழைய கணினியை விடுத்தல் வேண்டும்.

இக்கடமை நமக்குப் புதியதும் அன்று. ஓலை அழியும் இயல்பினது என்பதை உணர்ந்தே நம் முன்னோர் ஏடுகளைக் காலந்தோறும் பெயர்த்தெழுதி வந்தனர். எழுதாது விட்டவை செல்லுக்கு இரையாயின. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தற்கு இயன்றது, அவர்க்கு முன்னர்ப் பெயரறியா எழுத்தாளர் பலர் அதனைப் படியெடுத்து வைத்திருந்தமையால் அன்றோ? கணினிக்குள் இருப்பது தானே நிலைத்திருக்கும் என்னும் எண்ணம் நம்மிடத்தே மிகுந்துவிட்டது. அதுவும் ஓலையே.

நம் மாணவர் பலர் இப்பொழுது விடுதியறையிலேயே இசையமைக்கின்றனர் என்று கேள்வியுற்று மகிழ்கின்றோம். பாட்டியின் தாலாட்டையோ, ஊர்ப் பெரியவரின் பாட்டையோ பதிந்து வைத்திருப்பீராயின், இம்மலரை மூடிவைத்தவுடன் அதனைத் திறந்து பாருங்கள். ஒலிக்கின்றதாயின் இன்றே படியெடுங்கள். ஒலிக்கவில்லையாயின், அதனைத் திறக்கவல்ல பழைய கணினி ஒன்று எங்கேனும் துணி போர்த்துக் கிடக்கலாம். அது பழுதாகுமுன் தேடிச் செல்லுங்கள்.